உமி தாயுடையது

1

போன வாரம் ஈப்போவில் ஓர் அரிசிக்கடையில், என் மகள் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நாலு கடை தள்ளிப்போய் நின்றுகொண்டாள். நான் செய்தது இவ்வளவுதான். மூட்டையின் மேலே கிடந்த அரிசியைத் தொடாமல், முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். அதை உள்ளங்கையில் பரப்பி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீள அரிசிக்கு நடுவே கட்டைக் கட்டையாக வேறோர் அரிசி கிடந்தது.

கடைக்காரர் சீனர்; இங்கே கடை முதலாளியைத் தவுக்கே என்போம். தோட்டத்து ஆட்களுக்கு அரிசி விற்று விற்றுத் தமிழ் பழகியவர்.

"தவுக்கே, இது ரெண்டு நெல்லு. யாரோ கலந்திருக்காங்க" என்றேன்.

"அம்மா, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் லா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. பக்கத்து மூட்டையிலும் கையை விட்டேன். வெளியே வந்ததும் மகள், "எல்லாத்தையும் ஏம்மா சந்தேகப்படுறீங்க? மாலு லா" என்றாள். மாலு என்றால் வெட்கம். அவளுக்கு வெட்கம் மலாயில்தான் வருகிறது. கோபமும் மலாயில்தான். சாப்பாடு கேட்பது மட்டும் இன்னும் தமிழில் இருக்கிறது. அது எத்தனை நாளைக்கோ, அதிலும் எனக்குச் சந்தேகம்தான். தோழியோடு தொலைபேசியில் பேசும்போது நான் பக்கத்தில் வந்தால் மலாயின் வேகத்தைக் கூட்டிவிடுகிறாள். நான் எத்தனை வருஷம் படித்தும் அந்த வேகத்துக்கு என் மலாய் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்: நான் சந்தேகப் பிராணி. கல்யாணத்துக்கு முன் திருவாரூரில் எங்கள் வீட்டுக்குத் தரகர் கொண்டுவந்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு கார்மேல் சாய்ந்து நின்றார். "மலேசியாவில் சொந்தக் கார்" என்றார் தரகர். கார் அவருடையதில்லை என்று நான் அப்போதே சொன்னேன். சொந்தக் காரில் சாய்கிறவன் உடம்பைப் போட்டுச் சாய்வான். இவர் பட்டும் படாமலும் சாய்ந்திருந்தார். இங்கே வந்து பார்த்தால், கார் அவருடைய தலைமையாசிரியருடையது. ஆனாலும் அந்தப் போட்டோவை வைத்தே கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். அடுத்தவர் பொருள்மேல் பட்டும் படாமலும் சாய்கிற மனிதன் தொந்தரவு தரமாட்டான் என்று தோன்றியது. அது சரியாகவே இருந்தது.

அந்த நல்ல மனிதர்கூட எப்போதாவது, "இப்படியே போனா உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்பார். உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் அப்படி.

என் சந்தேகத்தால் ஒரு நல்லது நடந்த கதை என்னிடம் இருக்கிறது. அரிசிக்கடையிலிருந்து திரும்பும் வழியில் அதை மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, உங்களிடம் சொல்கிறேன்.

2

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் பாகான் செராயில் ஆசிரியராக இருந்தார். கண்ணுக்கு எட்டின வரை வயல்தான். ஊருக்கு வெளியே ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. விவசாயம் படித்தவள் என்பதால் எனக்கு அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரு வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு வருஷமும் பண்ணை அதிகாரி "இவர் தேவை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இந்தியக் குடிமகள் என்பதால், அதை எடுத்துக்கொண்டு ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். ஒரு முறை அங்கே ஏதோ கேட்டதற்கு "நிச்சயமாகத் தெரியவில்லை" என்று மலாயில் சொல்லப்போய், "நான் நம்பவில்லை" என்று சொல்லிவிட்டேன். முத்திரை குத்த ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்த ஆள் சிரித்துக்கொண்டே குத்தினார். என் மனசில் இருந்ததைத்தான் நாக்கு சொல்லிவிட்டது என்று வீட்டுக்காரர் வீடு வரும் வரை சிரித்தார்.

சந்தேகப்படுவதற்கு மாசாமாசம் சம்பளம் தரும் இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது நெல் ஆராய்ச்சிதான். ஒரு செடியில் கதிர் கனத்துத் தொங்கினால் உழவர் சந்தோஷப்படுவார். எங்கள் தொழிலில் சந்தோஷப்படக் கூடாது. ஏன் கனத்தது என்று கேட்க வேண்டும். வரப்போரத்துச் செடியா? அப்படியானால் வெயிலும் காற்றும் அதற்கு அதிகம். அதன் பவிசை நம்பக் கூடாது. பக்கத்துச் செடி செத்துப் போனதா? அதன் உரமும் சேர்ந்து இதற்குப் போயிருக்கும். இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் கழித்த பிறகும் மிஞ்சி நிற்கும் குணம் எதுவோ, அதுதான் பரம்பரையாக வருவது.

அப்படிக் கழித்துப் பார்த்தால் மணியின் நீளம் மற்ற குணங்களைப்போல் ஏமாற்றாது. காரணம் எளிது. நெல்லின் உமி இருக்கிறதே, அது தாய்ச்செடியின் உடம்பு. பூப்பதற்கு முன்பே அது இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று வளர்ந்து முடிந்துவிடும். பால் பிடித்து உள்ளே வளரும் அரிசி அந்த உமிக்குள்தான் அடங்க வேண்டும். தைத்து வைத்த சட்டைக்குள் பிள்ளை வளர்கிற மாதிரி. உமிக்கு மிஞ்சி அரிசி பெருக்காது. அந்த நீளத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றா, சிலவா, பலவா என்று பெரிய இடங்களில் அப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பண்ணைக்கு அவ்வளவு தூரம் போக வசதியில்லை.

பண்ணை அதிகாரி மிஸ்டர் கனகரத்தினம். இங்கே பத்து காஜா என்ற ஊரில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா ரயில்வேயில் கிளார்க். இவர் படித்தது நீர்ப்பாசனம். மதகு, வாய்க்கால், தண்ணீர் மட்டம் என்றால் மனிதர் அசைக்க முடியாதவர். நெல்லின் பூ எப்படித் திறக்கும் என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தொழிலாளி அளக்காமலே அளவுகளை எழுதி வைத்து, தலைமையகத்தில் இவர் தலை குனிய வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அவரும் யாரையும் நம்புவதில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு சந்தேகப் பிராணிகள். பண்ணை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தண்ணீர் தேங்கினாலும் சாயாத உள்ளூர்க் கட்டை நெல்லையும், வெளியிலிருந்து வந்த சன்ன நீள நெல்லையும் கலந்து ஒரு புது நெல் வேண்டும். கட்டை நெல் தாய். நீள நெல் தகப்பன். கலப்புச் செய்யக் கைப்பழக்கம் வேண்டும். அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த தினக்கூலிப் பெண்தான் ரோசலின்.

3

ரோசலினுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி வளர்ந்தவள். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சில் சளி. அம்மாவுக்கு வேறு வேலை தெரியாது. பாகான் செராயில் சொந்தக்காரர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டுக் குடியிருந்தார்கள். பண்ணையில் ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால் அதோடு ஊழியர் வீடும் கிடைக்கும். சமையலறை, குழாய்த் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள். ரோசலினுக்கு வேண்டியது அதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, காலியாகக் கிடந்த அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள் என்று காவலாளி சொன்னார்.

எனக்கு அவள்மேல் முதல் நாளே சந்தேகம். காரணம், அவள் எதையும் கேட்கவில்லை. இந்த வேலையை முதல் தடவை பார்க்கிற யாரும் பத்துக் கேள்வி கேட்பார்கள். நெல் பூ ஒவ்வொன்றுக்குள்ளும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். தாயாக வைத்துக்கொள்ளும் செடியில், மறுநாள் பூக்கப் போகிற பூக்களின் உமி நுனியை முந்தின நாள் பிற்பகலிலேயே சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒரு பை தங்கினாலும் செடி தன்னைத் தானே சூல்கொண்டுவிடும். பிறகு கதிரைக் காகிதக் கூட்டால் மூட வேண்டும். மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் தகப்பன் கதிரைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். இதையெல்லாம் நான் செய்து காட்டியபோது ரோசலின் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"வெளங்குச்சா?" என்றேன்.

"வெளங்குச்சிக்கா."

"எத்தனை பை எடுக்கணும்?"

"ஆறுக்கா."

"ஒண்ணு விட்டுப்போனா?"

"எல்லாம் வீணாப்போயிரும்க்கா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. செடிகள் நட்ட கலப்புத் தொட்டிகள் கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தன. அதற்கு நேரெதிரே நாலடியில் விதை அறை. விதை அறை ஜன்னலுக்கு மரப் பலகைத் தடுப்பு. ஒரு பலகையைக் கொஞ்சம் தூக்கினால் கூண்டு முழுக்கத் தெரியும். நான் பிற்பகலிலும், காலையில் மகரந்தம் உதறும் நேரத்திலும் எடை போடுகிற சாக்கில் விதை அறைக்குப் போய்விடுவேன். பலகையைத் தூக்கிவிட்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கலப்பு முடியும் வரை இப்படித்தான். அவள் ஒரு பூவிலாவது ஏமாற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏமாற்றவில்லை. வெட்டுவாள், எடுப்பாள், எடுத்ததை விரல் நகத்தில் தடவிப் பார்ப்பாள், அடுத்த பூவுக்குப் போவாள். காலையில் மகரந்தம் உதறும்போது ஒரு தடவை உதறிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் உதறுவாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பால் வெட்டுகிறவர்கள் கோப்பையை இரண்டு தடவை வழித்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கமாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

4

மணி முற்றியதும் கூட்டைப் பிரித்தோம். கலப்பு மணிகளை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு மிஸ்டர் கனகரத்தினத்தின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டை மணிகள். தாய் நெல்லைவிடவும் குறுகிப்போன மணிகள். உமியின் நுனி வெட்டுப்பட்டதால் அரிசியின் தலை வெளியே தெரிந்தது. சில மணிகள் சூம்பியிருந்தன.

"இதென்ன மிஸிஸ் ராஜம்? தகப்பன்ர நீளம் எங்க போட்டுது?"

"நீளம் இப்ப தெரியாது சார்."

"ஏன் தெரியாது? கறுப்புக் கோழியையும் வெள்ளைக் கோழியையும் சேர்த்தால் குஞ்சில தெரியுந்தானே?"

"நெல் கோழி இல்லை சார். இந்த உமி தாயோடது. அம்மா உடம்பிலேயே தைச்ச சட்டை. அதனாலதான் அம்மா மாதிரியே இருக்கு. அதிலும் நுனியை வெட்டினதால சட்டையே கிழிஞ்சுபோச்சு, மணி இன்னும் சிறுத்துப்போச்சு."

"அப்ப தகப்பன் எங்க?"

"உள்ளே இருக்கார். இதை விதைச்சு, செடி வளர்ந்து, அது தன் உமியைக் கட்டும்போதுதான் வெளியே வருவார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை அது.

"நான் சொல்லுறன் கேளுங்கோ" என்றார். "அவள் நுனியை மட்டும் வெட்டிப்போட்டு உள்ளுக்கிருந்ததை எடுக்கேல்லை. கூட்டைப் போட்டு மூடினாள், அவ்வளவுதான். இல்லாட்டி இவ்வளவு மணி எப்பிடிப் பிடிச்சது? பழகின ஆக்கள் செய்தாலே பாதி கருகிப்போகும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? இவளுக்குக் கருகினதே கொஞ்சம்தான். தோட்டத்துச் சனத்தை எனக்குத் தெரியும். ஆள் பார்த்தால் வேலை, பார்க்காட்டி நித்திரை."

மணி அதிகம் பிடித்தது என்ற அந்த இரண்டாவது நியாயத்தில் எனக்கே ஒரு நொடி மனசு ஆடிவிட்டது. அளவுக்கு மீறி மணி பிடித்தால் மகரந்தம் தங்கிவிட்டது என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். வேறு யார் செய்திருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இவள் விஷயத்தில் நான் பார்த்திருக்கிறேனே.

நிரந்தர வேலைக்கு ரோசலின் பெயரை அனுப்பப் போவதில்லை, மாசக் கடைசியோடு அவளை நிறுத்திவிடலாம் என்றார். ரோசலின் வெளியே சைக்கிள் கொட்டகைப் பக்கம் நின்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. என் ஒப்பந்தமும் சில மாசத்தில் அவர் கையெழுத்துக்குப் போக வேண்டும். அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

"அவ ஆறு பையும் எடுத்தா சார். நான் பார்த்தேன்" என்றேன்.

"எந்தப் பூவில?"

"எல்லாப் பூவிலும்."

"நீங்கள் பக்கத்தில இருந்தீங்களோ?"

"இல்லை. விதை அறை ஜன்னல் வழியா. ஒவ்வொரு நாளும்."

"ஏன்?"

"நான் அவளை நம்பலை சார். அதனாலதான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அந்தப் பண்ணையில் ரோசலினைப் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காவலாளிக்குப் பிடிக்கும், டிரைவருக்குப் பிடிக்கும், மக்சி என்று எல்லாரும் கூப்பிடும், தேநீர் போடுகிற மலாய்க்கார அம்மாவுக்குப் பிடிக்கும். எல்லாரும் "நல்ல பிள்ளை" என்று சொல்லியிருப்பார்கள். ஒருவராலும் அவள் ஒரு பூவிலிருந்து என்ன எடுத்தாள் என்று சொல்லியிருக்க முடியாது. நம்பினவர்களுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"சரி. விதைச்சுப் பாப்பம்" என்றார். "அதுவரைக்கும் அவள் கூலிதான். தொட்டிப் பக்கம் போகப்படாது. வரப்பில புல்லு வெட்டட்டும்."

5

அந்தப் போகம் முழுக்க ரோசலின் புல் வெட்டினாள். நான் கலப்பு விதைகளை முளைக்கவைத்து, நாற்றாக்கி, தனியாக ஒரு பாத்தியில் நட்டேன். எலிக்குத் தகரம், குருவிக்கு வலை. இது போதாதென்று காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பாத்தியைப் போய்ப் பார்ப்பேன். பக்கத்தில் இரண்டு வரிசை தாய் நெல், இரண்டு வரிசை தகப்பன் நெல், ஒப்பிட்டுப் பார்க்க.

வீட்டில் வேறு தொல்லை. மகளை அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்த்தோம். ஒரு வாரத்தில் "சிக்கு" என்று ஆசிரியரைக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். ஒரு மாசத்தில் புழுங்கலரிசிச் சோற்றில் நாற்றம் அடிக்கிறது என்றாள். ஊரில் எங்கள் பக்கத்துப் பிள்ளை யாராவது அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்களா? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு நேரே போய்ப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

கதிர் வெளியே வந்த நாளில் நான் மிஸ்டர் கனகரத்தினத்தைக் கூப்பிடாமல் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். உமியைத் தாய் நெல்லோடு வைத்துப் பார்த்தேன். அதைவிட நீளம். தகப்பனோடு வைத்துப் பார்த்தேன். அதைவிடக் குட்டை. பாத்தியில் எந்தச் செடியை எடுத்தாலும் இரண்டுக்கும் நடுவிலே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் வரப்பில் குனிந்திருந்த ரோசலினிடம், "வந்துட்டார்டி, அப்பன் வந்துட்டார்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கா?" என்று அரிவாளோடு நிமிர்ந்து சாலைப் பக்கம் பார்த்தாள்.

மிஸ்டர் கனகரத்தினம் வந்தார். பார்த்தார். கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"விதை அறைச் சாவி உங்களிட்டத்தானே இருந்தது?"

"ஆமா."

"விதைச்சது ஆர்?"

"நான்தான்."

"நடுத்தர நீளத்தில எங்களிட்ட வேற நெல்லு இருக்குத்தானே, விதை அறையில?"

ரோசலினைக் காப்பாற்ற நான் விதையையே மாற்றிவிட்டேன் என்கிறார்! வாழ்க்கையில் எத்தனையோ பேரை எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் சுட்டது. வீட்டுக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று கத்தினேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனுசன் இடத்துல நீ இருந்தா என்ன கேட்டிருப்பே?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அதையேதான் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தேன்.

"நீங்க சொல்றது நியாயம் சார். இந்தச் செடிகளோட நெல்லை நீங்களே அறுங்க. நீங்களே பூட்டி வையுங்க. அடுத்த போகம் நீங்களே விதையுங்க. நான் தொடவே மாட்டேன். நான் வேற நெல்லை மாத்தி வெச்சிருந்தா, அதோட பிள்ளைங்க எல்லாம் ஒரே நீளத்துல வரும். எந்தக் கொம்பனாலும் அதை மாத்த முடியாது. நிஜமாவே கலப்புல பிறந்ததா இருந்தா பிள்ளைங்க சிதறும். ஒரு செடி பாட்டி மாதிரி கட்டையா, ஒரு செடி தாத்தா மாதிரி நீளமா, மத்ததெல்லாம் நடுவுல பல அளவா வரும். அதைப் பொய்யாச் செய்ய யாராலும் முடியாது."

"ஒருதராலயும் ஏலாதோ?"

"என்னாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது."

அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் ஒப்பந்தக் காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரோசலினின் அப்பா அந்தப் போகத்தில்தான் இருமி இருமி அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். தகரக் கொட்டகை மழையில் ஒழுகியது. இன்னும் ஒரு போகம் காத்திருக்க வேண்டும் என்று நான் அவளிடம் சொன்னபோது, "சரிக்கா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காதவர்களை நான் நம்புவதில்லை என்று முன்பே சொன்னேன். அன்றைக்கு அவள் ஏதாவது கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம் என்று இருந்தது.

6

மிஸ்டர் கனகரத்தினம் விவசாயியானதைப் பண்ணையே வேடிக்கை பார்த்தது. நீள்காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். நாற்றை ஒற்றை ஒற்றையாக நட்டார். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு குச்சி. என்னைப் பாத்திப் பக்கமே விடவில்லை. நான் தூரத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம், அவரையும்தான். தன் சொல்லை நிலைநாட்ட அவர் ஏதாவது செய்துவிட்டால்?

அவர் செய்யவில்லை. நேர்மையான மனிதர்.

அறுப்பு நாளில், கொட்டகைக்குள் பாய் விரித்து, ஒவ்வொரு செடியின் கதிரையும் தனித்தனியாக அவரே பரப்பினார். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். ரோசலின் புல் அரிவாளோடு கடைசியில் வந்து நின்றாள். பாயின் இந்தக் கோடியில் கட்டை மணி. நாலு கதிர் தள்ளிச் சன்னமாக நீண்ட மணி. நடுவில் இதுவும் அதுவுமாக எத்தனையோ அளவு. ஒரே செடியின் கதிர்களுக்குள் பார்த்தால் எல்லா மணியும் ஒரே நீளம். செடிக்குச் செடி பார்த்தால் வேறு வேறு.

அவர் பாயைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து ஒரு கதிரை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"சிதறித்தான் கிடக்குது" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "அவளின்ர பேரை இண்டைக்கே அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

ரோசலினிடம் நேரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

உத்தரவு வந்து, ஊழியர் வீட்டுச் சாவியையும் அவள் வாங்கிக்கொண்ட நாள் மாலை, இரண்டு பேரும் குழாயடியில் சேறு கழுவிக்கொண்டிருந்தோம். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"ரோசலின், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கலப்புச் செய்யும்போது விதை அறையிலிருந்து நான் உன்னைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உன்னை நான் நம்பலை."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க பாக்குறது தெரியும். பலகை மேல ஏறும்லா, கூண்டுலேருந்து நேராத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீங்க நிறுத்திருவீங்கல்ல?" என்றாள். காலைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "தோட்டத்துல மேப்பார்வை பாக்குற மண்டோர் கண்ணுல படாத வேலைக்குச் சம்பளம் கெடையாதுக்கா. எங்கம்மா மலை மேல தனியா நின்னு வெயிலேற வரைக்கும் பால் வெட்டுவாங்க. மண்டோர் வந்து பாத்தப்ப தண்ணி குடிக்க ஒக்காந்திருந்தாங்கன்னு பாதி நாளாப் போட்டுருவான். சொன்னா யாரு கேப்பா? அம்மா அப்பவே சொல்லிருக்காங்க, வேலைய மட்டும் செஞ்சாப் பத்தாது, யாராச்சும் பாக்கிற எடத்துல செய்யின்னு. நீங்க சன்னலுக்கு வாற வரைக்கும் நான் ஒரு பூவையும் தொட மாட்டேன்க்கா. காலையில பூமாவு ஒதறுறதும் அப்படிதான், அந்தப் பலகை ஏறுனப்பறம்தான். பலகை ஏற நேரமான நாள்ல அதுவரைக்கும் சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

அவள் இந்த மண்ணில் பிறந்தவள். நான் பெட்டியோடு வந்து இறங்கியவள். என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு, அவள் கைக்கும் கண்ணுக்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டு போகம் புல் வெட்டியிருக்கிறாள்.

"இனிமே அப்படியெல்லாம் வேண்டாம் ரோசலின். வேலை நிரந்தரமாயிடுச்சு. யாரும் பார்க்கணும்னு இல்லை. உன் இஷ்டத்துக்குச் செய்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

அடுத்த போகத்தில் புதுக் கலப்பு தொடங்கியது. முதல் நாள் பிற்பகல் கூண்டுப் பக்கம் போனேன். ரோசலின் தொட்டிகளை வரிசையாக வைத்து, இடுக்கியையும் கத்தரிக்கோலையும் துடைத்துத் துணியில் பரப்பியிருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் விதை அறைக்குப் போய் ஜன்னல் பலகையைத் தூக்கினேன். அவள் குனிந்து முதல் பூவை வெட்டினாள்.